இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடு

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. அதனால்தான் அன்றைக்கு அறிவிப்புப் பலகை முன்னால் நான் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த நர்ஸம்மா இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

பலகையில் இப்படிப் போட்டிருந்தது: 'விப்லாஷும் மூளைக் காயமும். மருத்துவப் பணியாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி. புதன்கிழமை காலை ஒன்பது மணி. பிசியோதெரபி, நர்சிங், ஆம்புலன்ஸ் பிரிவினர் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.' அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், பயிற்சி அளிப்பவர் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் என்று.

"இந்த ஆளா? இந்த ஆளு வந்து நமக்கு மூளைக் காயம் சொல்லிக் குடுக்கப் போறாரா?"

"மெதுவாங்க மேடம். அவர் ரூம் இதோ இருக்கு."

"கேக்கட்டுமே. காது நல்லாத்தான் இருக்கு அவருக்கு. கண்ணுதான் தெரியாது."

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக பிசியோதெரபிஸ்ட். என் தங்கை இதே கட்டடத்தின் தரைத்தளத்தில் மருந்து கொடுக்கும் பிரிவில் பார்மசிஸ்ட். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போனதால் அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுத்ததுவரை நான்தான். அவள் எது செய்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பதினோரு வாரத்துக்கு முன்னால் அவள் காரில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வந்த சரக்கு வேன் பிரேக் பிடிக்காமல் வந்து இடித்தது. அப்படி இடிக்கும்போது உடம்பை சீட் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலையை யாரும் பிடிப்பதில்லை. கழுத்து ஒரு நொடிக்குள் பின்னால் போய் முன்னால் வெட்டும். அதற்குப் பெயர்தான் விப்லாஷ். அந்த வெட்டில் கழுத்து மட்டும் ஆடுவதில்லை, மண்டைக்குள் மூளையும் சேர்ந்து ஆடுகிறது. தலை எதிலும் இடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. இது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவோம்.

அன்றைக்குத் தலைமை டாக்டர் அவளிடம் கேட்டது மூன்று கேள்வி. பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் சொன்னார். தலை எங்கேயாவது இடித்ததா? இல்லை. நினைவு தப்பியதா? இல்லை. வாந்தி? இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. கழுத்துக்கு ஒரு பட்டையைக் கட்டி, வலி மாத்திரை கொடுத்து, "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் பயந்துட்டீங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். சொந்தக்காரர்களுக்கு நாமே சிகிச்சை பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்? அவளை உட்காரவைத்துக் கழுத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வலப்பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறது, இடப்பக்கம் எத்தனை, எந்தத் தசை இறுகியிருக்கிறது, எல்லாம் அளந்து குறித்தேன். ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். "பட்டையைக் கழட்டி வீசு. சும்மா படுத்துக் கெடக்காத, நாளைக்கே வேலைக்குப் போ. கழுத்து அசைய அசையத்தான் சரியாகும்" என்றேன். கழுத்துக்கு அது சரியான வைத்தியம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒன்பதாம் நாள் மருந்து கவுண்டரில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து இன்னொருவர் பையில் போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் கவனித்ததால் தப்பித்தது. அதே நேரம் யாரோ இரும்பு ஷட்டரை இழுக்க, அந்தச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தவள்தான். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறாள். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. ஒரு பக்கம் படிக்க முடியாது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது. சாதாரணச் சொற்கள் வாயில் வருவதில்லை.

மறுபடி அதே டாக்டரிடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் மறுபடி ஸ்கேன் எடுத்தார், மறுபடி சுத்தம். அறிக்கையில் எழுதினார்: 'காயத்துக்கான ஆதாரம் இல்லை. அறிகுறிகள் மிகைப்படுத்தப்பட்டவை.' அதைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவைப் போட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. டாக்டர் எழுதியதை அவர்கள் ஏற்றுக்கொண்டால் என் தங்கை இத்தனை வாரமும் நடித்தவள் என்று ஆகிவிடும். வேலை போகும். போனால் போகட்டும், நோய் வந்ததாகப் பொய் சொன்னவள் என்று அவள் கோப்பில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த மருந்துக் கடையும் அவளை வாசற்படி ஏற விடாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தது. அவளுடைய ஏழு வயது மகள் வாசலிலேயே வாயில் விரல் வைத்து, "பெரியம்மா, செருப்பைச் சத்தமில்லாம கழட்டுங்க" என்றாள். அந்தக் குழந்தை அந்த வீட்டில் பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டது.

தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, அந்த... தண்ணி ஊத்தி வைப்போமே... கைப்பிடி வச்சது... அதை எடேன்."

"ஜக்கா?"

"ஆங். ஜக்கு." அவள் முகம் சுருங்கியது. நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்களை மனப்பாடமாகச் சொன்னவள்.

அவள் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அலுத்துப்போயிருந்தார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து அவ ஃப்ரெண்டு போன் பண்ணினப்ப அரை மணி நேரம் சிரிச்சுப் பேசினா. அப்ப மட்டும் தலை வலிக்காதா? நான் ஏதாவது கேட்டா உடனே கண்ணை மூடிக்கறா. டாக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரு. பேசாம வெள்ளிக்கிழமை போய், திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வரேன்னு சொல்லிட்டா ஆச்சு."

"அந்த அரை மணி நேரத்துக்கு அப்புறம் என்ன பண்ணினா?"

"தூங்கினா."

"எவ்வளவு நேரம்?"

அவர் யோசித்தார். "சாயங்காலம் வரைக்கும்."

"அதுதான் கணக்கு. அரை மணி நேரம் சிரிச்சதுக்கு அஞ்சு மணி நேரம் விழுந்து கெடக்கறா. இதைக்கூட கவனிக்காம என்னத்தைப் பாக்கறீங்க வீட்ல?" என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே தங்கை முனகினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்றைக்கு அவள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "ஆம்புலன்ஸ்காரங்க நல்லவங்கக்கா. இடிச்ச உடனே வந்துட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது. ஆம்புலன்ஸ் பிரிவில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிப் போன் போட்டேன். இடித்த இடத்திலிருந்து யாரோ கூப்பிட்டதற்கும் இவர்கள் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் இருபத்துமூன்று நிமிஷம். அந்த இருபத்துமூன்று நிமிஷம் என் தங்கையிடம் இல்லை. அவளுக்குத் தெரியாமலே காணாமல் போயிருந்தது.

நான் கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் நடிக்கறேனா? எல்லாரும் சொல்றதைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

"உனக்குப் பைத்தியமாடீ?" என்றேன். தெருவில் இறங்கி நடக்கும்போது அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

புதன்கிழமை பயிற்சி அறையில் நாற்பது பேர் இருந்தோம். ஏசியைக் குறைக்கத் தெரியாமல் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். வாசலில் கையெழுத்து, ஒரு பேனா, ஒரு நோட்டு. நான் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் முன்வரிசையில் தலையாட்டத் தயாராக இருந்தார்.

டாக்டர் அழகாகப் பேசினார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. உளறியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். "ஸ்கேன் நார்மல்னா மூளை நார்மல்னு அர்த்தம் இல்ல" என்றார். "ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். மூளை வேலை செய்யற விதத்துல வர்ற கோளாறு அதுல தெரியாது. அதனாலதான் கேட்டுப் பாக்கணும், நிக்கவச்சுப் பாக்கணும், கண்ணைப் பாக்கணும்." பேனாவை மூக்கு நோக்கிக் கொண்டுபோய் எந்தத் தூரத்தில் இரண்டாகத் தெரிகிறது என்று பார்ப்பதையும், ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்பதையும், ஐந்து சொற்களைச் சொல்லி ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்பதையும் ஒரு நர்ஸை எழுப்பி நிறுத்திச் செய்து காட்டினார். ஒரு சொல் தவறில்லை. எல்லாம் தெரிந்த மனுஷர், என் தங்கைக்கு மட்டும் ஒன்றுகூடச் செய்யவில்லை.

தேநீர் இடைவேளை முடிந்ததும் திரையில் புதுத் தலைப்பு வந்தது: 'மிகைப்படுத்துபவர்களைக் கண்டறிவது எப்படி?'

"ஒரு கேஸ் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "முப்பத்தி நாலு வயசுப் பொண்ணு. கார்ல பின்னால இடி. ஸ்கேன் நார்மல். நாலாம் நாள் வேலைக்குப் போயிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு திடீர்னு லைட் பாத்தா வலி, சத்தம் கேட்டா வலி, வார்த்தை வரல, ரெண்டாத் தெரியுது. அப்புறம் லீவுதான். இதுல சின்ன விஷயம் ஒண்ணு இருக்கு. அவங்க குடும்பத்துலயே நம்ம துறை ஆள் ஒருத்தர் இருக்காங்க. அப்புறம் அறிகுறிக்குப் பஞ்சமா? சொல்லிக் குடுக்க ஆள் இருக்கே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"அந்தத் துறை ஆள் நான்தான்."

டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூண் பக்கம் பார்த்தார்.

"அது என் தங்கச்சி. நினைவு தப்புச்சான்னு கேட்டீங்க, இல்லைன்னு சொன்னா. நினைவு தப்பினவளுக்குத் தப்பினது நினைவிருக்குமா டாக்டர்? ஆம்புலன்ஸ் வந்தது இருபத்துமூணு நிமிஷம் கழிச்சு. அவ உடனே வந்துச்சுங்கறா. நடுவுல இருக்கறது எங்க போச்சு? காலைலேர்ந்து மூணு மணி நேரமா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்களே, அதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, அவளுக்குப் பண்ணினீங்களா?"

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் பழக்கப்பட்ட ஆள், சமாளித்துக்கொண்டார். "உங்க வருத்தம் புரியுது மேடம். ஆனா நான் மட்டும் சொல்லல. மூணாம் நாள் பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது. அதுவும் உங்க பிரிவுல எழுதினது." கையில் இருந்த பொத்தானை அழுத்தினார். "இதைத்தான் குழுவுக்கும் அனுப்பியிருக்கேன். என் அறிக்கையைவிட இது பெரிய ஆதாரம்."

திரையில் எங்கள் பிரிவின் முதல் பரிசோதனைத் தாள் வந்தது. பெயரும் கையெழுத்தும் வெட்டப்பட்டிருந்தன. அதன் இரண்டாம் பக்கம் மட்டும் தெரிந்தது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பக்கம் கழுத்து, முதுகு. இரண்டாம் பக்கம் தலை: நினைவு, கண், சமநிலை, சொல், வெளிச்சம், தூக்கம் என்று பதினொரு கட்டம். ஒழுங்காகப் பார்த்தால் அதற்கு மட்டும் இருபது நிமிஷம் ஆகும். எங்களுக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பதே பதினைந்து நிமிஷம். அதனால் ஸ்கேன் சுத்தம் என்று சீட்டு இணைத்திருந்தால், இரண்டாம் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டு, அடியில் 'சாதாரணம்' என்று எழுதிவிடுவோம். 'கோடு போடறது' என்றே பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

திரையில் பதினொரு கட்டத்தையும் அறுத்துக்கொண்டு ஒரு கோடு இறங்கியது. அடியில் இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவு. என் கை அப்படித்தான் முடிக்கும்.

எனக்கு அது நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. கழுத்தை அளந்தது நினைவிருக்கிறது, ஒத்தடம் கொடுத்தது நினைவிருக்கிறது, அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. "தூக்கம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தாளைத் திருப்பியிருப்பேன். என் சொந்தத் தங்கை முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் தலை மேல் கோடு போட்டிருக்கிறேன். அத்தனை வாரமும் வேறொருவரைத் திட்டித் தீர்த்த என் வாயை அப்படியே தைத்துவிட வேண்டும் போல இருந்தது.

"யார் எழுதினதுன்னு எனக்கும் தெரியாது, பதிவுப் பிரிவுல கையெழுத்தை மறைச்சுத்தான் குடுத்தாங்க" என்றார் டாக்டர். "ஆனா பாருங்க, எல்லாம் சாதாரணம்."

உட்கார்ந்திருக்கலாம். கையெழுத்தில்லை, யாரோ ஒருவர் என்று போயிருக்கும். முன்வரிசையில் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார். அவருக்கு என் கோடு தெரியும்.

"அது என் கோடு" என்றேன். "நான்தான் போட்டேன். எதையும் பரிசோதிக்கல. ஸ்கேன் சீட்டைப் பாத்தேன், கோடு போட்டேன். அவ்வளவுதான்."

"மேடம், யோசிச்சுப் பேசுங்க. பதிவுல பொய் எழுதினதா ஒத்துக்கறீங்க. இது சின்ன விஷயம் இல்ல."

"ஆமா, பொய்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்குத் தரேன். என்னை என்ன வேணா பண்ணட்டும்." நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். "இதுல கோடு போடாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. என்னை மட்டும் பாக்காதீங்க. தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் போனை எடுத்து எதையோ தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் பிரிவின் மூத்த பெண் ஒருத்தி மட்டும், "எங்க தாள்லயும் அதேதாங்க" என்று முணுமுணுத்தாள்.

"டாக்டர், உங்க அறிக்கைக்கு இருந்த பெரிய ஆதாரம் இந்தத் தாள். அது இப்ப இல்ல" என்றேன். "வெள்ளிக்கிழமை குழு முன்னாடி அந்தப் பதினொரு கட்டத்தையும் நீங்களே அவளுக்குப் பண்ணுங்க. காலைல அந்த நர்ஸுக்குப் பண்ணிக் காட்டினீங்களே, அதே மாதிரி. ஒரு கட்டம் விடக் கூடாது."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. "சரி" என்றார், யாரையும் பார்க்காமல்.

கடிதத்தை மதியமே எழுதிக் கொடுத்தேன். மூன்று மணிக்குப் பதில் வந்தது, விசாரணை முடியும்வரை நான் நோயாளிகளைத் தொடக் கூடாது என்று. எங்கள் நிர்வாகம் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கடிதத்தைக் குழுவில் உரக்கப் படிப்பார்கள். அதற்கு முன்னால் தங்கைக்கு என் வாயால் தெரிய வேண்டும். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். இருட்டு அறையில் அவள் எதிரில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் வீட்டுக்காரர் கதவருகில் வந்து நின்றார்.

அவள் வெகுநேரம் பேசவில்லை. சொற்களைத் தேடுகிறாளோ என்று நினைத்தேன். தேடவில்லை. எல்லாச் சொல்லும் வந்தது.

"வேலைக்குப் போன முதல் நாள்லேர்ந்து அஞ்சு நாள், ஸ்டோர் ரூம் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன். தினமும். ட்யூப் லைட்டு கண்ணுக்குள்ள குத்தும், பல்லைக் கடிச்சுட்டு நிப்பேன். ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேளு."

"ஏன்டீ சொல்லல?"

"நீ பாத்துட்டேன்னு நெனச்சேன்." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டாக்டர் சொன்னதை நான் நம்பலக்கா. அவருக்கு ஆயிரம் பேர். நீ சொன்னதைத்தான் நம்பினேன். அக்காவே பாத்துட்டா, ஒண்ணுமில்லன்னுட்டா, அப்ப எனக்குத்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன். என் தலை வலிக்குதுன்னு என் தலை சொல்லுது, அதை நான் நம்பல."

"தப்புதான்டீ. நான்..."

"போக்கா. தலை வலிக்குது. போ."

அவள் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். நான் செருப்பு மாட்டும்வரை கதவைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை குழு அறையில் நிர்வாக அதிகாரி, மருந்துப் பிரிவின் தலைவர், வயதான பெண் டாக்டர் ஒருவர், மூன்று பேரும் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைமை டாக்டர் தனியாக ஒரு நாற்காலியில். வயதான டாக்டரம்மா முதல் காரியமாக அறை விளக்கில் பாதியை அணைக்கச் சொன்னார். பதினோரு வாரத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

என் தங்கை வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, கவுண்டருக்குப் போகிற மாதிரி. என் பக்கம் திரும்பவில்லை. என் கடிதம் படிக்கப்பட்டபோதும் திரும்பவில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். கையில் அந்தத் தாள், புதிது. முதலில் ஐந்து சொற்களைச் சொன்னார்: ஏணி, மழை, சாவி, கம்பளி, ஆரஞ்சு. அவள் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தாள். பிறகு பேனாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டி மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார்.

"ரெண்டாத் தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

"ஒண்ணுதான்."

இன்னும் கொஞ்சம் கிட்டே.

"ஒண்ணுதான் டாக்டர்."

ஆனால் அவளுடைய வலது கண் அப்போதே பேனாவை விட்டு விலகி வெளிப்பக்கம் ஓடியிருந்தது. மூக்குக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு முழத் தூரம் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கே தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டரின் கை நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தேறிவிடப் பார்க்கிறாள். நடிக்கிறவள் என்று எல்லோரும் சொன்னவள், நன்றாக இருப்பதாக உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருந்தாள்.

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர் வரை ஓடி வந்தாள். அதற்கப்புறம் ஆகஸ்ட். நின்றாள். மறுபடி அக்டோபர். நெற்றியில் வியர்வை. ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்தாள். டாக்டர்தான் தோளைப் பிடித்து நிறுத்தினார். கடைசியில் ஐந்து சொற்களைக் கேட்டார்.

"ஏணி." வெகுநேரம் கழித்து, "சாவி." பிறகு சட்டென்று முகம் மலர்ந்து, "கடிகாரம்!" என்றாள்.

கடிகாரத்தை யாரும் சொல்லவில்லை.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தப்பா? இன்னொரு தடவை டாக்டர். ப்ளீஸ். நேத்து வீட்ல என் பொண்ணை வச்சுப் பழகினேன், வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை, நான் சரியாப் பண்ணிருவேன்."

"போதும்மா" என்றார் டாக்டர். அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தாளை மேஜை மேல் வைத்து, பதினொரு கட்டத்திலும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். மருந்துப் பிரிவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதான டாக்டரம்மா, "இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்று நிர்வாக அதிகாரியைக் கேட்டார். அதிகாரி கோப்பை மூடினார்.

வென்றுவிட்டோம். எனக்கு மட்டும் அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. இருபது நிமிஷம். மொத்தமே இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். "வாடீ, போலாம். முடிஞ்சிருச்சு. நீ நடிக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு."

அவள் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்க்கா. நீ இப்படி நிக்கவச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே விழுந்திருப்பேன், உன் கையில."